தம்பிக்கு லீவு கேட்கப் போன இடம்

மலேசியாவின் பத்து பாகாட்டில் என் தம்பி இல்லை. அவன் வேலை பார்த்த துணி ஆலையின் வாசலில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நின்றுகொண்டு, வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் போனில் இருந்த அவன் படத்தைக் காட்டினேன். நேபாளத்துக் காவலாளி உதட்டைப் பிதுக்கினார். வங்காளதேசத்துப் பையன்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் சூப்பர்வைசர் அம்மா ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். தமிழ்க்காரர்.

"நம்ம சாமி அருளு லா இது. நீங்க யாரு, அக்காவா? அலாமாக், அவரு இங்க வேலைய விட்டு மாசக் கணக்காச்சே. செடெனாக்ல கோயில் பாத்துக்கிறாரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் போனீங்கன்னா அய்யா வருவாரு, கேக்கலாம்."

"எந்த அய்யா?"

"முனியாண்டி அய்யாதான். உங்க தம்பி மேல நல்லா எறங்குவாரு. எங்க மகளுக்குச் சொன்னது அப்படியே நடந்துச்சு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. திண்டுக்கல்லில் ஞானஸ்நானம் வாங்கின அருள் செபஸ்தியான் மேல் முனியாண்டி இறங்குகிறாராம். ஆலைக்கு எதிர்க் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்துத் தின்றேன். நம்மூர் புரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. இன்னும் கொஞ்சம் மெலிவு, இன்னும் கொஞ்சம் எண்ணெய். தின்னத் தின்னச் சிரிப்பு போய், கோபம் வந்துவிட்டது. அங்கே அப்பா படுக்கையில் கிடக்கிறார், இவன் இங்கே சாமியாடிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் வீடு கோயிலுக்குப் போகாத கத்தோலிக்க வீடு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருவிழாவில் சப்பரம் தூக்கும் ஆட்களிலிருந்து அப்பாவைக் கழித்துவிட்டார்கள். ஏன் என்று கடைசிவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அப்பா வீட்டுச் சுவரில் மாதா இருந்த பலகையைக் காலி செய்து, அதில் டேபிள் ஃபேனைத் தூக்கி வைத்தார். அதற்குப் பிறகு பூசை கிடையாது, செபமாலை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு பிரியாணி மட்டும் உண்டு. ஒரே ஒரு காரியத்தை மட்டும் அப்பா விடவில்லை. தூங்கப் போகுமுன் கட்டைவிரலால் எங்கள் நெற்றியில் சிலுவை போடுவார், நானும் அருளும் "ஆமென்" சொல்லிவிட்டுப் படுப்போம். ஏன்பா என்று கேட்டால், "பழக்கம்" என்பார்.

வீட்டில் சாமி இல்லாத குறைக்கு நான் ஊரெல்லாம் தேடினேன். பள்ளித் தோழியோடு மாரியம்மன் கோயில், வியாழக்கிழமைகளில் தர்கா, ஒரு வருஷம் பெந்தெகொஸ்தே ஜெப வீடு, வேலைக்குப் போன பிறகு பேசாமல் உட்காரச் சொல்லும் தியான முகாம்கள். சின்ன வயதில் போன இடத்துக்கெல்லாம் துணைக்கு அருளை இழுத்துக்கொண்டு போவேன். ஜெப வீட்டில் எல்லாரும் அந்நிய பாஷையில் கத்த, நான் வாயைத் திறந்து திறந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நின்ற அருள் விறைத்துப் போய்த் தரையில் விழுந்தான். எழுந்ததும் "அக்கா, என்ன ஆச்சு?" என்றான். எனக்கு அவன்மேல் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. தேடினவள் நான், கிடைத்தது அவனுக்கு.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போன பிறகு, அவர் வாயில் தெளிவாக வந்த ஒரே கேள்வி, "அருள் எங்க?" சோறு ஊட்டும்போது கேட்பார், துடைத்துவிடும்போது கேட்பார். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அருளோ நம்பரை மாற்றிவிட்டு எங்களை மறந்திருந்தான். அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து அப்பா முன்னால் நிறுத்த வேண்டும். அப்பாவை அம்மா பொறுப்பில் விட்டுவிட்டு நான் வந்தது அதற்குத்தான்.

மறுநாள் பஸ் ஆயர் ஹீத்தாம் பக்கத்தில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. மழை வேறு. நம்மூராக இருந்தால் இந்நேரம் கண்டக்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உலுக்கியிருப்பார்கள். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து சீட் மலாய் அம்மா வாழைப்பழ பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் பாதியை வைத்தார். எங்கே போகிறாய் என்று சைகையில் கேட்டார். "செடெனாக், கோயில்" என்றேன். அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தி, என் கையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூலாயில் இறங்கி வாடகைக் கார் பிடித்தேன். சீனக் கிழவர் ஓட்டினார், எனக்குப் புரியட்டும் என்று உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தார். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண்பாதை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டார். இன்னும் உள்ளே போகவேண்டுமே என்றேன். "மற்ற நாள் போவேன். இப்போது உச்சிப்பொழுது. இந்த நேரம் அவர் நடப்பார்" என்றார். யார் நடப்பார் என்று நான் கேட்பதற்குள் காரைத் திருப்பிவிட்டார்.

செம்பனைக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே பச்சை இருட்டு. மரங்களை நேர்நேராக நட்டிருக்கிறார்கள். நடக்க நடக்க வரிசைகள் திறந்து திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு ஆள் நிற்பதுபோல் இருக்கும், நின்று பார்த்தால் மரம். எலி பிடிப்பதற்காகக் கம்பத்தில் மரப்பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். அப்படி ஒரு பெட்டிக்குள்ளிருந்து, பட்டப்பகலில், வெள்ளை முகம் ஒன்று என்னையே பார்த்தது. நான் நடந்தேன், முகமும் கூடவே திரும்பியது. வாய்விட்டு "போ சனியனே" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

பாதை முடிந்த இடத்தில் தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை, திருநீறு பூசின ஆள் உயரக் கல், அதன் பக்கத்தில் எரிகிற விளக்கு. கல்லின் காலடியில் சுருட்டும் கறுப்பு பீர் பாட்டிலும் இருந்தன. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வாங்க பிலோமி. காலையிலயே வருவீங்கன்னு இருந்தோம். பஸ்ஸு கெட்டுப் போச்சா?" என்றார்.

சூப்பர்வைசர் அம்மா போன் பண்ணியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் கெட்டுப்போனது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

அந்தப் பெண் பெயர் லெட்சுமி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது தொழிற்சாலை கேண்டீன் ஒன்றில் சமைக்கிறார். அவர் கணவர் முருகையா லாரி ஓட்டுநர், கோயிலில் உறுமி அடிப்பவரும் அவரே. தோட்டத்துச் சனம் எப்போதோ டவுனுக்குப் போய்விட்டது, கல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. தோட்டத்து எல்லையில் இருந்த மலிவு வீடுகளின் வரிசையில், அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் என் தம்பி இருந்தான்.

அருள் இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலைத் தொட்டான். எங்கள் வீட்டில் யாரும் யார் காலையும் தொட்டதில்லை. எனக்கு உடம்பு கூசியது.

"அப்பா உன்னைக் கேக்கிறாருடா. வேற எதுவும் கேக்கல. கிளம்பு."

அழுதான். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் வரணும்க்கா. ஆனா விளக்கை விட்டுட்டுப் போக முடியாது. கேட்டுட்டுத்தான் போகணும்" என்றான்.

"யார்கிட்ட?"

"அய்யாகிட்ட."

"அவரு உன் மேலதானடா வராரு? நீயே கேட்டுக்கோ."

"நான் எப்படிக்கா கேக்கிறது? அவரு வரப்போ நான் இருக்க மாட்டேனே." கேலியே இல்லாமல் சொன்னான். "நீதான் கேக்கணும்."

ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. ஆனால் அவன் கண்ணைப் பார்த்தால் அடிக்கத் தோன்றவில்லை. லெட்சுமி அக்கா சுடுசோறும் கருவாட்டுச் சம்பலும் போட்டார். எங்கள் ஊரில் இவ்வளவு காரத்தை வைத்தால் பந்தியில் சண்டையே வரும். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டேன், பாதி காரம், பாதி ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. ஸ்கூடாயிலிருந்து பரீட்சை பயத்தோடு வந்த கல்லூரிப் பெண்கள், லாட்டரி நம்பர் கேட்க வந்த சீனத் தம்பதி, கைக்குழந்தைக்காரிகள். முருகையா உறுமியைத் தேய்க்கத் தொடங்கினார். காதால் கேட்கும் சத்தமில்லை அது, அடிவயிற்றில் கேட்டது. அருள் கல்லுக்கு முன்னால் கைகட்டி நின்றான். முதலில் கழுத்து மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு தோள் அகன்றது. பொய் சொல்லவில்லை, சட்டையில்லாத என் தம்பியின் மெலிந்த தோள் என் கண்ணெதிரே அகன்றது. சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு திரும்பியபோது அந்த முகத்தில் எனக்குத் தெரிந்தது எதுவுமில்லை. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையின் முகம் அது.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள், அது பதில் சொன்னது. அவர் என்று எழுதக் கை வரவில்லை, அவன் என்று எழுதப் பயமாக இருக்கிறது. என் முறை வந்தது. லெட்சுமி அக்கா முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்.

"என் தம்பியை ஊருக்கு அனுப்பணும். அப்பாவுக்கு முடியல" என்றேன். யாரிடம் கேட்கிறேன் என்று நினைத்தபோது வாய் குழறியது.

அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு வயதான ஆளின் குரலில், இந்த ஊர்த் தமிழில் சொன்னது: "போவட்டும். ஒரு ரத்தம் போனா ஒரு ரத்தம் நிக்கணும். அவன் வர்ற வரைக்கும் வெளக்கை யாரு பாப்பா?"

நான் விளக்கைப் பார்த்தேன். தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து என் நெற்றியில் வைத்தது. எல்லாருக்கும் பட்டையாக இழுத்த கை, எனக்கு மட்டும் கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டது. அப்பா போடுகிற மாதிரியே, அதே அழுத்தம். என்னை அறியாமல் என் வாய் சொல்லிவிட்டது: "ஆமென்."

உறுமி நின்றது. கொட்டகையில் குழந்தைகூட அழவில்லை.

"சரின்னு சொல்லிட்டாங்க. வாக்கு குடுத்துட்டாங்க" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஐயோ, இது பழக்கமுங்க, வாக்கு இல்லீங்க என்று சொல்லத் திரும்பினேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அதற்குள் அது லெட்சுமி அக்காவைப் பார்த்து மலாயில் நாலைந்து வாக்கியம் பேசியது. எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. லெட்சுமி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சீனத் தம்பதி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"என்னக்கா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லங்க. பூசை சாமான் வாங்கச் சொன்னாரு" என்றார்.

அருள் மயங்கி விழுந்து, எழுந்து, தண்ணீர் கேட்டான். முருகையா அவனை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் என்னவோ பேசினார். திரும்பி வந்தவன் உடனே பையை எடுத்து வைத்தான். புறப்படும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா" என்று மட்டும் சொன்னான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்த காரியம் முடிந்தது, அப்பா அவனைப் பார்த்துவிடுவார். அவன் திரும்பி வரும் வரை பத்து நாளோ பதினைந்து நாளோ விளக்குக்கு எண்ணெய் ஊற்றினால் என்ன, குறைந்தா போய்விடுவேன்?

அந்த வாரத்தைப்போல் ஒரு வாரம் எனக்கு வாய்த்ததில்லை. காலையில் வாசலைத் திறந்தால் படியில் வாழையிலையில் நாசி லெமாக் இருக்கும், வைத்தவரைப் பார்க்க முடியாது. தேங்காய்ப்பால் சோற்றை வெறும் வயிற்றில் எப்படித் தின்பது என்று முதல்நாள் முகம் சுளித்தவள், அப்புறம் அதற்காகவே சீக்கிரம் எழுந்தேன். பாத்திரம் கழுவப் போனால் பிடுங்கிக்கொள்வார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டார்கள். நான் தெருவில் வந்தால் ரேடியோவைக் குறைத்தார்கள், விளையாடுகிற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். "அப்பா எப்படி இருக்காரு?" என்று ஒவ்வொருவரும் மெதுவாகக் கேட்டார்கள். பதில் சொல்வதற்குள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். விளக்கேற்றுகிறவளுக்கு இங்கே இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனேன். நம்மூரில் கோயில் மணியடிக்கிறவரை யார் இப்படிக் கவனிக்கிறார்கள்!

கல்லோடு எனக்குப் பழகிவிட்டது. முதலில் "உன்னை நான் நம்பலை, தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டே எண்ணெய் ஊற்றினேன். ஆந்தை பெட்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். செம்பனை வரிசைகளில் யாரோ நடந்து நடந்து நிற்பார்கள். நான் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அருள் ஊர் போய்ச் சேர்ந்து, "அப்பா கண்ணைத் திறந்து பாத்தாருக்கா, என்னைத் தெரியுது" என்று சொன்ன வியாழக்கிழமை, விளக்கின் முன் உட்கார்ந்து கண்ணை மூடினேன். அப்பா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், நான் போய்ப் பார்க்கிற வரைக்குமாவது இருக்கட்டும் என்று கேட்டேன். இத்தனை வருஷம் இத்தனை இடத்துக்குப் போயிருக்கிறேன், எங்கேயும் எதையும் இப்படிக் கேட்டதில்லை. உடம்பு லேசானது. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. கண்ணைத் திறந்தபோது லெட்சுமி அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். என் பக்தியைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு எண்ணெய்ப் போத்தலோடு போனேன். லெட்சுமி அக்கா கொட்டகை வாசலில் குறுக்கே நின்றார். முருகையாவும் இன்னும் நாலைந்து பேரும் ஓரமாக நின்றார்கள்.

"இன்னைக்கு உள்ள வர வேணாங்க. போத்தலைக் குடுங்க."

"ஏன்க்கா?"

"தீட்டுங்க."

"எனக்கு அதெல்லாம் இப்ப இல்லக்கா" என்று சிரித்தேன்.

"அந்தத் தீட்டு இல்லங்க."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. "தம்பி உங்களுக்குப் போன் பண்ணானா?"

"யாரும் பண்ணலங்க. அய்யா அன்னைக்கே சொல்லிட்டாரு. மலாய்ல சொன்னாருல்ல, அதான். வெள்ளிக்கெழம இந்தப் பொண்ணுக்கு அப்பா இருக்க மாட்டாரு, அன்னைக்கி வாசலைத் தாண்ட விடாதீங்க, அதுவரைக்கும் மனசு நோகாம பாத்துக்குங்கன்னாரு." அவர் குரல் உடைந்தது. "எங்களால முடிஞ்ச வரைக்கும் பாத்துக்கிட்டோங்க."

சோறு, எண்ணெய், குறைத்த ரேடியோ எல்லாம் அதற்குத்தான். எழவு வீட்டுக்குச் செய்வதை அவர்கள் முன்கூட்டியே எனக்குச் செய்திருக்கிறார்கள். கைக்குக் கிடைத்ததை எடுத்து அந்தச் சனத்தை அடிக்க வேண்டும் போலிருந்தது. போத்தலைத்தான் தரையில் போட்டேன். அது உடையக்கூட இல்லை. அப்போதுதான் போன் அடித்தது. அருள்.

"அக்கா" என்றான். பின்னால் அம்மாவின் அழுகை கேட்டது. "விடியக்காலம் போயிட்டாருக்கா."

"உனக்குத் தெரியுமாடா? கிளம்புறப்பவே தெரியுமா?"

"முருகையா அண்ணன் சொன்னாருக்கா."

"தெரிஞ்சே என்னை இங்க விட்டுட்டுப் போனியாடா பாவி?"

"நீதானக்கா வாக்கு குடுத்த. நான் எப்படி உன்னைக் கூட்டிட்டு வர முடியும்?"

கேட்கக் கூடாது என்று தெரிந்தும், "அப்பா எதாவது சொன்னாராடா?" என்று கேட்டேன்.

"என்னைப் பாத்தாரு, கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான்க்கா. அதுக்கப்புறம் என்னை விட்டுட்டாரு. கதவையே பாத்துக்கிட்டு, கண்ணு மூடுற வரைக்கும் 'பிலோமி எங்க, பிலோமி எங்க'ன்னுதான் கேட்டாரு."